ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஃபுல் ஃபிரேம்!

உங்க கேங்கிலும் கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். கல்ச்சுரல்ஸ் என்றால் மேடைக்கு முன்னால் மண்டி போட்டபடி, ஐ.வி. போனால் பஸ் படிக்கட்டில் தொங்கியபடி, ஃபேர்வெல் அன்றைக்கு ஊரே அழும்போது தான் மட்டும் அழாமல் ஃபோகஸ் பண்ணியபடி... எந்த குரூப் போட்டோவிலும் அவர் முகம் மட்டும் இருக்காது. ஏன்னா, கேமரா அவர் கையில்! அந்த ஒருத்தர் நீங்கதான்னா, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான் பாஸ்.

இந்த இனத்தைத் தாக்கும் ஒரு காய்ச்சல் உண்டு. பெரும்பாலும் மூன்றாம் வருஷத்தில் வரும். அதன் பெயர் 'ஃபுல் ஃபிரேம்'. புதுசா வாங்கணும்னா லட்ச ரூபாயைத் தாண்டும். அப்பாவிடம் கேட்டால், "செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சா?" என்று பதில் கேள்வி வரும். அப்போதுதான் யாராவது ஒரு நல்லவர் காதில் ஓதுவார்: "மச்சி, பழைய பாடி இருபது, முப்பதாயிரத்துல கிடைக்குதுடா!" அவ்வளவுதான், தூக்கம் போச்சு!

என் ரூம்மேட்டுக்கும் அப்படித்தான் போச்சு. சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களில் ஒரு போட்டோகிராபருக்கு லைட் பிடிக்கிறவன். ஒரு நாளைக்கு 800 ரூபாய் சம்பளம். ஒரு வருஷமாக டீ, பஜ்ஜி எல்லாம் குறைத்துச் சேர்த்த 28,000 ரூபாய் அவன் கணக்கில் இருக்கிறது. அதை ஒரு பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கேமராவில் கொட்டலாமா, கூடாதா? எனக்கும் அதே ஆசை இருந்ததால், ரெண்டு பேருமாகப் பதில் தேடிக் கிளம்பினோம்.

வாங்க, முதல் ஸ்டாப் ரிச்சி ஸ்ட்ரீட்!

ஒரு தெரு அல்ல, ஒரு உலகம்!

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி மவுன்ட் ரோட்டுக்கு ஏறினால், கூப்பிடு தூரம். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கலாம். 'ரிச்சி' என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் இந்த எலெக்ட்ரானிக்ஸ் சாம்ராஜ்யம். ஈ.சி.இ. மக்களுக்கு இது குலதெய்வக் கோயில். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு சென்சார் வாங்க வராமல் டிகிரி முடித்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்க, பார்ப்போம்!

தலைக்கு மேலே வயர் பந்தல். தரையில் தள்ளுவண்டி, பைக், பார்சல் மூட்டை. "பாஸ் என்ன வேணும்? லேப்டாப்பா, சி.சி.டி.வி-யா?" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. அந்தக் கூட்டத்தில் முழங்கையை முன்னால் விட்டு நீந்திப் போனால், கண்ணாடி அலமாரிகளுக்குள் வரிசையாகக் கறுப்பு முகங்கள். கழுத்துப் பட்டை பழுத்து, ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்து, எத்தனையோ முகூர்த்தங்களைப் பார்த்து முடித்துவிட்டு ஓய்வெடுக்கும் கேமராக்கள்.

இவை எல்லாம் ஏன் இவ்வளவு சீப்பாக வந்து உட்கார்ந்திருக்கின்றன? 2018-ல் கேனானும் நிக்கானும் ஃபுல் ஃபிரேமில் கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களை இறக்கின. சோனி அதற்கு முன்பே, 2013-லேயே அந்தக் கடையைத் திறந்துவிட்டது. கல்யாண போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் தாவ, அவர்கள் கழட்டிவிட்டவை இங்கே வந்து சேர்ந்தன. கேமரா கெட்டுப்போனதால் விலை குறையவில்லை, ஓனர் மனசு மாறியதால் குறைந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் நம்ம வேலை.

கடைக்கார அண்ணன் அலமாரியைத் திறந்து ஒரு கேனான் 5டி மார்க் டூ-வை எடுத்து கவுன்ட்டரில் வைத்தார். "தம்பி, ராஜா மாதிரி பீஸ். 24,000. கடைசி விலை."

ராஜா என்று அவர் சொன்னதில் தப்பில்லை. 2008-ல் வந்த மாடல். 21 மெகாபிக்ஸல். முழு ஹெச்.டி. வீடியோ எடுத்த முதல் ஃபுல் ஃபிரேம் எஸ்.எல்.ஆர். 'ஹவுஸ்' என்ற அமெரிக்க டி.வி. தொடரில் 2010-ல் ஒரு சீஸனின் கடைசி எபிசோடையே இதில் எடுத்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் இதன் பாடி மட்டும் 2,699 டாலர். இன்றைக்கு ஒரு சுமாரான மொபைல் விலை.

ஆனால் ராஜாவுக்கு இப்போ வயசாகிவிட்டது இல்லையா?

அண்டாவும் சொம்பும்!

அதற்கு முன், 'ஃபுல் ஃபிரேம்' என்றால் என்ன என்று கடைசி பெஞ்சுக்கும் புரிகிற மாதிரி ஒரு சின்ன கிளாஸ்.

பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா பிரபலமாக்கிய அளவு அது. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரும் அதே அளவில் இருந்தால், அது ஃபுல் ஃபிரேம். நம்ம காலேஜ் போட்டோகிராபி க்ளப்களில் இருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் 'க்ராப் சென்சார்'. கேனானில் அது சுமார் 22-க்கு 15. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்க, ஃபுல் ஃபிரேம் இரண்டரை மடங்குக்கு மேல் பெரிசு.

மழை பெய்யும்போது மொட்டை மாடியில் ஒரு அண்டாவையும் ஒரு சொம்பையும் வையுங்க. அதே மழைதான், அண்டாவில் தண்ணி ஜாஸ்தி. வெளிச்சமும் அப்படித்தான். பெரிய சென்சார் அதிக வெளிச்சத்தைப் பிடிக்கும். அதனால் இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் 'நாய்ஸ்' குறையும். லென்ஸும் தன் முழு அகலத்தைக் காட்டும். 50 எம்.எம். லென்ஸை க்ராப் கேமராவில் மாட்டினால், 80 எம்.எம். மாதிரி நெருக்கிக் காட்டும். ஃபுல் ஃபிரேமில் 50 என்றால் 50-தான்.

இதில் ஒரு ட்விஸ்ட். அண்டா பெரிசுதான், ஆனால் பழைய அண்டா! 2008-க்குப் பிறகு சென்சார் டெக்னாலஜி எங்கேயோ போய்விட்டது. இன்றைய நல்ல க்ராப் சென்சார் அந்தக் காலத்து ஃபுல் ஃபிரேமைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டது. 5டி மார்க் டூ படத்தில் இருட்டான பகுதியை கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கினால் வரி வரியாகக் கோடுகள் எழும். அந்த கேமராவை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது.

அப்புறம் பெருமையாக ஒரு விஷயம். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' ஞாபகம் இருக்கா? 2012-ல் வந்து தேசிய விருது வாங்கிய படம். விஜய் மில்டன் அதை ஒளிப்பதிவு செய்தது கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில். அது ஃபுல் ஃபிரேம் இல்லை, க்ராப் சென்சார்! 'ஃபுல் ஃபிரேம் இருந்தால்தான் நான் கலைஞன்' என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிக்கவும்.

டார்ச் அடித்துப் பார்!

சரி, கவுன்ட்டரில் இருக்கும் ராஜாவுக்கு மெடிக்கல் செக்கப் செய்யலாமா? ரூம்மேட்டின் 'குரு' சொல்லிக் கொடுத்த முறை இது. வெட்கப்படாமல் வரிசையாகச் செய்யுங்க.

முதலில் ஷட்டர். இந்த மாடலின் ஷட்டர் 1,50,000 க்ளிக் தாங்கும் என்று சோதித்து வெளியிட்டது கம்பெனி. ஒரு கல்யாணத்துக்கு 3,000 க்ளிக் என்று வைத்துக்கொண்டால், ஐம்பதே கல்யாணம்! பிஸியான போட்டோகிராபருக்கு அது ரெண்டே சீஸன். 'ஃபைல் நம்பர் 4,000-தான் காட்டுது, புதுசு மாதிரி' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்க. 9,999 தாண்டினால் அந்த நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலேயே க்ளிக் எண்ணிக்கை ஒளிந்திருக்கும். இந்த கேனானில் அப்படி இல்லை. லேப்டாப்பில் வயர் மாட்டி, அதற்கான சாஃப்ட்வேரில்தான் பார்க்கணும்.

அடுத்து சென்சார். அப்பர்ச்சரை எஃப் 16-ல் வைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுங்க. தூசி இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அது சுத்தம் செய்தால் போகும். லென்ஸ் மூடியை மூடிவிட்டு 30 செகண்ட் ஒரு படம் எடுங்க. சிவப்பும் நீலமுமாக நட்சத்திரக் கூட்டம் தெரிந்தால், அது சுத்தம் செய்தால் போகாது.

கார்டு போடும் பொந்துக்குள் டார்ச் அடியுங்க. இந்த மாடலில் இருப்பது சி.எஃப். கார்டு. உள்ளே ஊசி ஊசியாக ஐம்பது பின் நிற்கும். ஒன்று வளைந்திருந்தாலும் தலைவலி. லென்ஸோடு வாங்கினால் அதற்குள்ளும் டார்ச் அடியுங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால், அது ஃபங்கஸ். சென்னைக் கடற்காற்றின் ஈரத்துக்கு அது இலவச இணைப்பு.

கடைசியாக அடிப்பக்கத்தில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா? பில்லே இல்லை என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் நீங்க இறங்காதீங்க. திருட்டு கேமராவாக இருந்தால் கேமராவும் போகும், காசும் போகும், நிம்மதியும் போகும்.

எங்கள் ராஜாவுக்கு என்ன ஆச்சு? பில் இல்லை. பொந்துக்குள் ஒரு பின் லேசாகத் தலை சாய்த்திருந்தது. "அது ஒண்ணும் பண்ணாது தம்பி" என்றார் அண்ணன். "பரவாயில்லண்ணா, யோசிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லி வெளியே வந்தோம். ஒரு சமோசா, ஒரு டீ. யோசனை தொடர்ந்தது.

(டீ ஆறுவதற்குள் ஒரு குட்டிக் கதை. 'கேமராவுக்கு இவ்வளவு செலவு தேவையா?' என்ற கேள்வி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1856-ல் மெட்ராஸ் அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டனை அரசு போட்டோகிராபராகவே நியமித்தது. ஓர் அடிக்கு மேல் அகலமான நெகட்டிவ்கள் எடுக்கும் ராட்சச கேமராவை மாட்டு வண்டியில் ஏற்றி, 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அடுத்து வந்த கவர்னர் டிரெவிலியன், 'இது ஆடம்பரச் செலவு' என்று கடையை மூடச் சொல்லிவிட்டார். நம்ம அப்பாக்களுக்கு முன்னோடி!)

பொண்ணு பார்க்கும் படலம்!

யோசனையில் கிடைத்த ஐடியா இதுதான். வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தால் என்ன?

சினிமா ஊர் என்பதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் கேமரா வாடகைக் கடைகள் வரிசை கட்டி நிற்கும். ஆதார் நகல், காலேஜ் ஐ.டி., கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். அதே மாடல் பாடி, கூடவே 50 எம்.எம். லென்ஸ். மொத்தம் ஒரு நாளைக்கு 900 ரூபாய். இருபத்து நாலாயிரத்தைக் காப்பாற்ற 900 செலவு செய்வது எந்தக் கணக்கிலும் லாபம்தான். போட்டிக்கு எங்கள் க்ளப்பில் இருந்து ஒரு கேனான் 200டி. 2017-ல் வந்த க்ராப் சென்சார்.

எங்கே போய் டெஸ்ட் செய்வது? வெயிலில் எடுத்தால் எல்லா கேமராவும் நல்ல கேமராதான். இருட்டு வேணும், கூட்டம் வேணும், நிற்காமல் ஓடும் மனிதர்கள் வேணும். முகூர்த்த நேரத்து மண்டபம் மாதிரி ஒரு இடம். விடிகாலை மூணரை மணிக்கு பைக்கை எடுத்தோம். ரெண்டாவது ஸ்டாப்... காசிமேடு!

மீன் வாசமும் ஐ.எஸ்.ஓ-வும்!

சென்னையில் படிக்கிறீங்க, இன்னும் காசிமேடு துறைமுகத்தை விடிவதற்கு முன் பார்த்ததில்லை என்றால் அடுத்த ஞாயிறே கிளம்புங்க. ஊர் தூங்கும்போது இங்கே மட்டும் திருவிழா. விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்க, கூடை கூடையாக மீன் இறங்குகிறது. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாசனை, காலுக்கடியில் வழுக்கும் தண்ணி. கம்ப விளக்குகளின் வெளிச்சம் ஒரு முகத்தில் விழுந்தால், பக்கத்து முகம் கும்மிருட்டு. ஏலம் விடுகிறவர் பாட்டு மாதிரி விலையை ஏற்ற, சுற்றி நிற்கும் அக்காக்கள் கண்ணாலேயே பேரம் பேசுகிறார்கள். சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி, நடுவில் மாப்பிள்ளை மாதிரி வஞ்சிரம்.

நான் 200டி-யோடு ஒரு பக்கம். ரூம்மேட் 5டி-யோடு இன்னொரு பக்கம். பாதியில் மாற்றிக்கொண்டோம்.

முதல் பத்து நிமிஷத்திலேயே ஒரு விஷயம் புரிந்தது. எந்த ரிவ்யூவும் இதை எங்களுக்கு இப்படிப் புரிய வைக்கவில்லை. ஒரே 50 எம்.எம். லென்ஸ்தான். க்ராப் கேமராவில் ஏலம் மொத்தத்தையும் அடக்க, நான் பின்னால் போய்க்கொண்டே இருக்கணும். பின்னால் எங்கே போவது? முதுகுக்குப் பின்னால் ஐஸ் வண்டி! ஃபுல் ஃபிரேமிலோ, நின்ற இடத்திலேயே ஏலக்காரர், கூடை, சுற்றி நிற்கும் முகங்கள் எல்லாம் உள்ளே. கல்யாண மேடையிலும் இதே கதைதான். ஐயருக்கும் சொந்தக்காரங்களுக்கும் நடுவில் கிடைக்கும் ரெண்டடி இடத்தில்தான் போட்டோகிராபர் வாழ்கிறார்.

ரெண்டாவது பாடம், ஃபோகஸ். 5டி மார்க் டூ-வில் ஒன்பதே ஃபோகஸ் புள்ளிகள். அதில் நடுவில் இருப்பது மட்டும்தான் இருட்டிலும் நம்பிக்கையாக வேலை செய்தது. ஓரப் புள்ளிகளை நம்பினால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து, அதற்குள் மீன் விற்றே போய்விடுகிறது. நடுப்புள்ளியில் முகத்தைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடி ஃபிரேமை நகர்த்திக்கொள்ளணும். பழகினால் கை வரும். பழகாதவர்களுக்கு 200டி-யின் திரையில் விரலால் தொட்டால் ஃபோகஸ் ஆவது சொர்க்கம்.

மூணாவது, எடை. பாடி மட்டும் 810 கிராம், 200டி அதில் கிட்டத்தட்டப் பாதி. ரெண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு பேச ஆரம்பித்துவிடும். அப்புறம், வீடியோ எடுக்கப் போறீங்கன்னா இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அந்தக் கேமராவில் ஆள் நடந்தால் ஃபோகஸ் தானாகப் பின்தொடராது. ஒரு க்ளிப் சுமார் 12 நிமிஷத்தில் நின்றுவிடும். 4கே கிடையாது. ஸோ, யூ-டியூப் சேனல் கனவில் இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

"மீனு எங்கப்பா?"

கேமரா இருந்தால் போதும், யாரை வேணும்னாலும் எடுக்கலாம் என்று இல்லை. கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம். பெரிய வஞ்சிரம் ஒன்றை ஏலத்தில் ஜெயித்த அக்கா ஒருவர், அதைக் குழந்தை மாதிரி கையில் ஏந்தி போஸ் கொடுத்தார். "எட்டு கிலோ இருக்கும் பா. நல்லா புடி" என்றவர், "எடுத்துட்டுப் போறவங்க எல்லாரும் அனுப்புறேன்னுதான் சொல்றாங்கோ. ஒரு போட்டோவும் வந்தது கெடயாது" என்றார்.

அது சுருக்கென்றது. ஹாஸ்டலுக்கு வந்து படங்களை லேப்டாப்பில் ஓட்டினோம். ஐ.எஸ்.ஓ. 6,400-ல் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. 5டி-யின் புள்ளிகள் மென்மை, தோல் நிறம் இயல்பு. 200டி கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் அதே படங்களை மொபைலில் போட்டு க்ளப் நண்பர்கள் ஏழு பேரிடம் காட்டி, எது எந்த கேமரா என்று கேட்டோம். மூணு பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதிலும் ஒருத்தன் "சும்மா அடிச்சு விட்டேன் மச்சி" என்றான்!

அக்காவின் படத்தை மட்டும் லேபில் கொடுத்து 12-க்கு 18 இன்ச்சில் பிரின்ட் போட்டோம். அந்த அளவில்தான் ஃபுல் ஃபிரேம் தன் வித்தையைக் காட்டியது. கண் இமை, மூக்குத்தியின் பளபளப்பு, பின்னால் கரைந்துபோன விளக்குகள்... சினிமா ஸ்டில் மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனோம்.

அக்கா வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூஞ்சி சோக்கா கீதுப்பா... மீனு எங்கப்பா?"

மீன் இருந்தது. ஆனால் மங்கலாக! ஃபுல் ஃபிரேமில் அப்பர்ச்சரை எஃப் 1.8-க்குத் திறந்து கிட்டே போய் எடுத்தால், கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் அரையடி முன்னால் நீட்டிய மீன் கரைந்துவிடும். போட்டோகிராபர்கள் தவம் கிடக்கும் அந்த 'பின்னணி மங்கல்' விளைவு, அக்காவின் எட்டுக் கிலோ வெற்றியை முழுங்கிவிட்டது. நல்லவேளையாக 200டி-யில் தள்ளி நின்று எடுத்த இன்னொரு படத்தையும் சின்னதாக பிரின்ட் போட்டு வைத்திருந்தோம். அதில் முகமும் இருந்தது, வஞ்சிரத்தின் செதில் வரைக்கும் தெளிவாகவும் இருந்தது. அக்கா முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு! முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சின்னப் படத்தை வாங்கி பர்ஸில் வைத்தார். பெரிய படம், "வீட்ல புள்ளைங்க பாக்கட்டும்" என்று பக்கத்துக் கடையில் பத்திரமாகப் போனது.

படம் யாருக்காக, எந்த அளவில், எதற்காக... இது தெரியாமல் எந்த கேமரா நல்லது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது எங்களுக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

ரெண்டு பேர், ரெண்டு பதில்!

இப்போ கணக்குக்கு வருவோம். பாடி 24,000 என்பது ஆரம்பம்தான். கேனான் க்ராப் கேமராவோடு வரும் 18-55 மாதிரியான இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் கேனான் ஃபுல் ஃபிரேமில் மாட்டவே மாட்டாது. நிக்கானில் மாட்டும், ஆனால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும். அப்புறம் ஃபுல் ஃபிரேம் வாங்கி என்ன பிரயோஜனம்? ஸோ, லென்ஸ் தனி. சி.எஃப். கார்டு தனி, கார்டு ரீடரும் தனி. பேட்டரி வயதாகியிருந்தால் அதுவும் தனி. பழுதானால் இந்த வயசு மாடலுக்கு ஒரிஜினல் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இன்னொரு கேமராவின் உடம்பிலிருந்துதான் பிடுங்கிப் போடணும்.

ரூம்மேட் நோட்டில் எழுதிப் பார்த்தான். லென்ஸ்? அவன் குருவிடம் கேனான் லென்ஸ்கள் இருக்கின்றன, வேலைக்குத் தருவார். வருமானம்? லைட் பிடித்தால் 800. சொந்த கேமராவோடு ரெண்டாவது போட்டோகிராபராக நின்றால் 2,000. ஒரு கல்யாணத்துக்கு 1,200 கூடுதல். இருபது கல்யாணத்தில் பாடி காசு வந்துவிடும். ஆடி, மார்கழி கழித்தாலும் ஒரு வருஷம். மிச்சமிருக்கும் 4,000 பரீட்சை ஃபீஸுக்குப் போதும். ஒரே ஒரு பயம்தான். இந்த மாடலில் ஒரே கார்டு பொந்து. கார்டு மண்டையைப் போட்டால் எல்லாம் போச்சு. "இன்னொரு தடவை தாலி கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? அதனால் மெயின் கேமரா குருவுடையது, இவனுடையது எப்போதும் ரெண்டாவது என்று முடிவு செய்தான்.

வேறொரு கடையில் பில்லோடு, 62,000 க்ளிக் ஓடிய அதே மாடல் 23,500-க்குக் கிடைத்தது. எல்லா டெஸ்ட்டும் முடித்து, ஏழு நாள் ரிட்டர்ன் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டான். வாங்கிவிட்டான்!

நான்? என் படங்களை எடுத்துப் பார்த்தேன். காலேஜ் நிகழ்ச்சி, பயணம், பஸ் ஜன்னல். 90 சதவிகிதம் பகலில் எடுத்தவை. எல்லாம் போய்ச் சேர்வது மொபைல் திரைக்கு. யாரும் எனக்குக் காசு தருவதில்லை. எனவே க்ளப் கேமராவுக்குப் பழைய 50 எம்.எம். லென்ஸ் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டேன். ஃபுல் ஃபிரேம் ஆசை வரும் நாளில் 900 ரூபாய் கொடுத்து ஒரு நாள் ராஜாவோடு வாழ்ந்துகொள்வேன்.

நீங்க எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, கடைக்குப் போகும் முன் மூணு கேள்வி கேட்டுக்குங்க. கடைசியாக எடுத்த நூறு படத்தில் இருட்டில் எடுத்தது எத்தனை? அதில் கேமராவால் கெட்டது எத்தனை, நம்ம கையால் கெட்டது எத்தனை? மாட்டுவதற்கு லென்ஸ் இருக்கிறதா? மூணுக்கும் தைரியமாகப் பதில் இருந்தால் டார்ச்சோடு கிளம்புங்க. இல்லாவிட்டால் வாடகைக் கடைக்குக் கிளம்புங்க.

ஒரு முக்கியக் குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை ரிச்சியில் பெரும்பாலான கடைகளுக்கு லீவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேடு களையிழந்து கிடக்கும். மற்ற ஞாயிறுகளில் விடிகாலை நாலு மணிக்கு அங்கே போங்க. எந்த கேமரா இருக்கிறதோ அதோடு போங்க. அக்காக்களை எடுத்தால் அடுத்த வாரம் பிரின்ட் கொண்டுபோய்க் கொடுங்க.

மீனுக்கும் சேர்த்து ஃபோகஸ் வையுங்க மக்களே!